நொச்சி அட்டை

டவுன் பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணின் பையிலிருந்து நொச்சித்தழை வாசம் வந்ததும், இப்போது இடிக்கப்பட்டுத் தரைமட்டமாகிவிட்ட எங்கள் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறைக்கு நினைவில் போய்விட்டேன். ஆயுர்வேத மூலிகைகளை ஆராய்ந்த அப்பா, அங்கே தழைகளைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, தினமும் மாலையில் ஈரமேறிய தாளை மாற்றி, காய்ந்ததும் அட்டையில் தைத்து, பெயர், பறித்த இடம், பயன் என்று அடியில் எழுதுவார். அம்மா மூச்சுத்திணறிக் கிடந்த வாரம் முழுக்க நொச்சி ஆவிதான் பிடிக்கவைத்தார். ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை.

“போதுமுங்க, சன்னலத் தொறந்து உடுங்க” என்றாள் அம்மா.

அவளை அடக்கம் செய்த மறுநாள், மிஞ்சிக்கிடந்த நொச்சிக் கொத்தையும் அப்பா அட்டையில் தைத்தார். பெயரையும் பறித்த இடத்தையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.