செம்பனைக்குள் கமலாவைத் தேடினேன்

ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு, காலை 10.40. என் மனைவி கமலாவைக் காணவில்லை. அவள் கழற்றிவிட்ட செருப்பு மட்டும் கோயில் வாசலில் கிடந்தது. பக்தர்களான உங்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி. பழைய அரண்மனை, கோயில், சமாதி எங்கிருந்தாலும் போய், கட்டிய வருடத்தைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். கமலாவும் வருவாள். அவள் கும்பிடுவாள். நான் கல்லைப் படிப்பேன். கைகூப்பியதே இல்லை.

அன்று வெயிலுக்கு முன் கிள்ளான் டவுனை முடித்துவிட வேண்டுமென்று அவளை அவசரப்படுத்தினேன். அவளுக்கு இனிப்பு நீர். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாள்; சாப்பிட நான் நேரம் கொடுக்கவில்லை. அரண்மனையை வாசலோடு பார்த்தோம். டவுன் கோயிலில் அர்ச்சகர் சொன்ன வருடமும் கல்வெட்டிலிருந்த வருடமும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதில் ஒரே குஷி.

"பசிக்குதுங்க," என்றாள்.

"ஜெஞ்சாரோம் கோயில் ஒண்ணுதான் பாக்கி," என்றேன்.

அங்கே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களெல்லாம் போய்விட்டன. முனியாண்டி கோயில் மட்டும் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் பார்வதி என்ற அம்மா. கோயில் கல்லில் இருந்த எழுத்தைச் சந்தனமும் எண்ணெயும் அப்பி மூடியிருந்தன.

"சுரண்டிடாதீங்கண்ணே. அவருக்குச் சாத்துனது லா அது. தானா உதிரணும்."

"வருஷம் மட்டும் பார்த்துக்கிறேன்."

"அவரு வயசை வெச்சு என்ன செய்யப் போறீங்க? பொண்ணா கட்டிக் குடுக்கப் போறீங்க?"

கமலா சிரித்தாள். பார்வதி தண்ணீர் எடுக்கப் போனார். நான் கார் சாவியால் சுரண்டினேன். இரண்டு இலக்கம் தெரிந்தது. காட்டலாமென்று திரும்பினேன். கமலா இல்லை.

"கமலா!"

"வரேங்க." இடப்பக்கமிருந்து அவள் குரல். ஓடினேன். யாருமில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"வரேங்க." இப்போது வலப்பக்கம். அதே தூரம், அதே இழுப்பு. நான் ஓட ஓட அந்தக் குரல் கிட்டே வரவுமில்லை, விலகவுமில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி மரவரிசை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. போனில் லைன் இல்லை. சுற்றிச் சுற்றி மறுபடி கோயில் முன்னேதான் வந்து நின்றேன்.

பார்வதி குடத்தோடு ஓடி வந்தார். "பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க! இங்க அதுக்குப் பதில் சொல்ல வேற ஆளு இருக்கு." கல்லைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "அவர்கிட்ட கேளுங்க," என்றார்.

விழுந்தேன். "சாமி, வருஷம் வேணாம். என் கமலாவைக் குடு." வேறு சொல் வரவில்லை.

தலை தூக்கியபோது சுருட்டு வாசம்.

"சுருட்டு ஏத்திட்டீங்களா?"

"இல்லண்ணே. பெட்டியே இன்னும் பிரிக்கல."

வாசம் நடந்தது. அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் நின்றால் நின்றது, நடந்தால் முன்னே போனது. பார்வதி வாழைப்பழத்தோடு பின்னால் வந்தார். ஒரு கால்வாய்க் கரையில் அது சட்டென்று அற்றுப்போனது. அங்கே கமலா, தண்ணீரில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை; சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. பழத்தைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். மணி 11.25. "இன்னும் அரைமணி தாமதிச்சிருந்தா..." என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் இழுத்தார்.

மாலையில் கேட்டேன். "வரேன் வரேன்னு சொன்னியே, ஏன் வரல?"

"நான் எங்கங்க பேசுனேன்? நாக்கே எழும்பல. நீங்க கூப்பிட்டதும் கேக்கல."

எனக்குப் பதில் சொன்ன குரல் யாருடையது? தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. சுருட்டு யாருடையது என்று தெரியும்.

அடுத்த வெள்ளியே சந்தனம் அரைத்து அந்தக் கல்லில் என் கையால் சாத்தினேன். இப்போதும் பழைய கோயில்களுக்குப் போகிறோம், கமலா வயிறாரச் சாப்பிட்ட பிறகு. போனதும் முதலில் கும்பிடுகிறேன்.

நீங்களும் வழி தெரியாமல் நிற்கிறீர்களா? ஜெஞ்சாரோம் வரை வர வேண்டாம். நிற்கிற இடத்திலேயே விழுந்து கேளுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். எனக்கு வந்தது இரண்டே வரி, அதிலும் பாதி அழுகை. அவருக்கு அது போதுமாக இருந்தது.