மூலிகமும் மூலிகையும்

இரசாயனம் படிப்பிப்பவனுக்குப் பள்ளிக்கூடம் விட்டாலும் வகுப்பு முடிவதில்லை. சோக்கட்டித் தூசு தின்று வாழும் சக துயரர்களுக்கு இது தெரியும். ஆகவே ஒரு பாரதூரமான பிழையை முதலில் திருத்திவிடுகிறேன். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்வதை எங்கள் நெடுந்தீவில் ‘கறண்ட் பிடிக்கிறது’ என்பார்கள். அதில் நோயாளியைக் கறண்ட் தொடுவதே இல்லை. கதிர் பெரும்பாலும் அடிப்பது உடம்பிலுள்ள தண்ணீரை. அடிபட்ட தண்ணீர் உடைந்து சுயாதீன மூலிகங்கள் உண்டாகின்றன. சோடியில்லாத இலத்திரனோடு அலையும் துணிக்கைகள் அவை. மிச்ச வேலையை அவைதான் பார்க்கின்றன.

சோடியில்லாத குறை

உயர்தர வகுப்பில் ஆட்டீரல் துண்டொன்றை ஐதரசன் பேரொட்சைட்டுக்குள் போட்டேன். நுரை பொங்கியது. ஈரலிலுள்ள கற்றலேசு என்ற நொதியம் அதைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிறது. கதிர் அடித்த தண்ணீரில் சேரும் பேரொட்சைட்டையும் இதே நொதியம்தான் துப்புரவாக்குகிறது என்றேன். ஆனால் மூலிகங்களில் பொல்லாததான ஐதரொட்சிலைப் பிடிக்க எந்த நொதியத்துக்கும் நேரம் காணாது. அது பக்கத்தில் நிற்பதைக் கடித்துவிடும், சிலவேளை நொதியத்தையே. கடிபட்ட நொதியம் உருக்குலைந்து வேலைக்கு உதவாமல் போகும்.

“ஏன் சேர் அது அப்பிடிக் கடிக்குது?” என்று முன்வாங்கில் இருக்கும் நிரோஜா கேட்டாள். சோடியில்லாத குறைதான் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்தி, கலியாணமாகாத என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“விளங்குது சேர். இனி உங்களோட கவனமா இருக்கிறம்.”

படகில் இடம்

மாடு வளர்க்கும் செபமாலை அண்ணைக்குத் தொண்டையில் கட்டி. கிழமை நாட்களில் அக்கரை ஆஸ்பத்திரியில் கறண்ட் பிடித்து, சனிக்கிழமை ஊருக்கு வருவார். பாதிச் சிகிச்சை முடிந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை கல்விக் கந்தோர் அலுவலாக நானும் அக்கரைக் குறிகட்டுவானுக்குப் போகும் படகில் ஏறினேன். அண்ணையும் மனைவி றோசலின் அக்காவும் ஒரு முழு வாங்கில் இருந்தார்கள். மற்றவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கதிர் தங்களுக்கும் தொற்றிவிடும் என்ற பயம்.

நான் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து, படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: யன்னலால் வந்த வெளிச்சம், யன்னலைச் சாத்தினால் அறைக்குள் நிற்குமா? அதுபோலத்தான் வெளியிலிருந்து அடிக்கும் கதிரும், உடம்பில் தங்காது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அசையவில்லை.

“நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சேர்,” என்றார் ஒரு கடற்றொழிலாளி. “நாங்கள் இதில காத்துக்கு நிக்கிறம்.”

ஓர் எழுத்துப் பிழை

அண்ணை கரகரத்த குரலில் என்னிடம் மட்டும் சொன்னார்: “தம்பி, விழுங்க ஏலாமக் கிடக்கு. இண்டைக்கு டொக்டரிட்டப் போதுமெண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன். இவள் நாட்டு மருந்து குடுக்கிற ஒரு பரியாரியை விசாரிச்சு வைச்சிருக்கிறாள்.”

பாதியில் விட்டால் கட்டி மறுபடி வளரும். எனக்குப் பயம் பிடித்தது. பயம் பிடித்தால் நான் பாடம் நடத்துவேன். உடம்புத் தண்ணீரில் மூலிகம் உண்டாகிக் கட்டியைக் கடிக்கிறது. நல்ல சதையும் கடிபடுவதால்தான் தொண்டை புண்ணாகிறது. நல்ல சதையின் நொதியங்கள் அடுத்த நாளைக்கிடையில் துப்புரவாக்கிப் பழுது பார்த்துவிடும், கட்டிக்கு அந்தக் கெட்டித்தனம் குறைவு, அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறார்கள் என்றேன். இயந்திரச் சத்தத்தில் றோசலின் அக்கா காதுக்குக் கை கொடுத்துக் கேட்டார்.

“அப்ப, உள்ளுக்கிருக்கிற தண்ணியிலயே மூலிகை ஊறுமோ சேர்?”

கடைப் பெயர்ப்பலகையில் ஒற்றுப் பிழை கண்டாலும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருபவன் நான். வாயைத் திறந்தேன். அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் அக்கா,” என்றேன்.

அக்கா புருசன் பக்கம் திரும்பினார். “இஞ்சருங்கோ, கேட்டனீங்களே? பரியாரி தாறது நாலு வேர். உங்களுக்கு உடம்பு முழுக்கத் தோட்டம். பேசாமப் போய் மிச்சத்தையும் பிடியுங்கோ.”

அண்ணை ஒருநாளும் தவறாமல் முழுச் சிகிச்சையையும் பிடித்து முடித்தார். அந்தத் தவணைச் சோதனையில் ‘சுயாதீன மூலிகை’ என்று எழுதிய விடைத்தாளுக்கு நான் புள்ளி குறைக்கவில்லை.