சொந்தமா என்று டாக்டர் கேட்டபோது

என் மகள் அமலிக்குப் பதினொரு வயது. மருந்தில் அடங்கியிருந்த ரத்தப் புற்றுநோய் போன தவக்காலத் தொடக்கத்தில் அவளுக்குத் திரும்பவும் வந்துவிட்டது. இனி வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால்தான் பிழைப்பாள் என்று சென்னை டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"நீங்க சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

பச்சைப் பொய். என் வீட்டுக்காரர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அன்று அவருக்குச் சூளை வேலை, கூட வரவில்லை. சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று, விருத்தாசலத்தில் நான் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கும் செராமிக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். அதையே டாக்டர் வாயாலும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மூத்தவன் அருளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து ஜெபித்தேன். பொருந்தவில்லை. "அப்பா அம்மாவோடது பொதுவா பாதிதான் பொருந்தும். அத வச்சும் செய்யலாம், ஆனா சிக்கல் ஜாஸ்தி" என்றார் டாக்டரம்மா.

மாதா கோயிலில் முட்டி போட்டு ஆண்டவரோடு சண்டையே போட்டேன். ஒரு ஆளைக் காட்டக் கூடாதா?

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று, ஆண்டவரிடம் கோபப்பட்டதைச் சாமியாரிடம் சொல்லத்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வாயைத் திறந்ததும் அந்தப் பொய்தான் முதலில் வந்தது. சாமியார் திட்டவில்லை. "டாக்டர்கிட்டயும் போயிச் சொல்லிடுங்கம்மா" என்றார்.

மறுநாள் சென்னை பஸ்ஸில்தான் மாமாவிடம் சொன்னேன். "என்னெக் கட்டிக்கிட்டதச் சொல்ல ஒனக்கு அவ்ளோ வெக்கமா புள்ள?" என்றார்.

உண்மையைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதனால இந்த நோவு வரலம்மா. ஆனா சொந்தத்துல கட்டினவங்கன்னா, அப்பா அம்மாவோடதே சில சமயம் முழுசாப் பொருந்தும். இத அப்பவே சொல்லக் கூடாதா?"

எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஈஸ்டர் முடிந்து போன் வந்தது. மாமாவுடையது முழுசாகப் பொருந்தியது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

செல் ஏற்றி ஏழு மாதம் ஆகிறது. அமலி இன்னும் ஸ்கூலுக்குப் போகவில்லை. அவளுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் தெர்மாமீட்டரைத் தேடி ஓடுகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பொய் சொன்னது போதும். கம்பெனியில் யாராவது கேட்டால், தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன் என்று நானே சொல்கிறேன்.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். நான் அழுது கேட்ட ஆளை ஆண்டவர் என் வீட்டிலேயே வைத்திருந்தார். "இல்லீங்க" என்று சொன்னது நான்தான்.