மீட்டா சொல்லும் பண்ணைக் கதை

"ஆடுதான் முதல்ல வந்துச்சு. துரை பின்னாடி தூசியத் தின்னுக்கிட்டே வந்தாரு" என்று மீட்டா வின்ட்ஃபோகல் தொடங்கும்போது அவள் கண்கள் பாதி மூடியிருக்கும். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கம்பளிக் கொட்டகையின் கதவில் சாய்ந்து, காப்பியில் ரஸ்க்கை நனைத்தபடி சொல்வாள். ரஸ்க் உடைந்து கோப்பைக்குள் விழும், கதை நிற்காது. கேப் டவுனிலிருந்து வந்த விருந்தாளிகளும் சொக்கிப்போய் நிற்பார்கள்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் தொடங்கிய ஆட்டுப் பண்ணை இது. இப்போது விடுதி, நான் இங்கே சமையல்காரி; மேய்ப்பர் குடும்பத்து மீட்டா விருந்தாளிகளுக்குக் கதை சொல்பவள். மதியமானால் இந்தக் கரூ பாலைநிலத்து வெயிலில் மலைகூட மிதக்கிற மாதிரி இருக்கும். அந்நேரம் மீட்டா பேசினால், என்றோ செத்த மந்தையெல்லாம் வேலி தாண்டி நடந்து வரும். சத்தியமாக, மணியோசையே எனக்குக் கேட்டிருக்கிறது.

துரைக்கு மட்டும் அவள் கதையில் அந்த ஒரே வரிதான். மற்றதெல்லாம் மேய்ப்பர்கள். "துரையப் பத்தி இன்னும் சொல்லு மீட்டா" என்று புது முதலாளி பல்லைக் கடிப்பார்.

"அவருக்குப் பளிங்குச் சமாதி இருக்கு, பேரு ஊரு எல்லாம் அதுலயே வெட்டியிருக்கு. நான் வேற எதுக்குச் சொல்லணும், முதலாளி?" என்பாள். வாய்க்கொழுப்பு!

அவளுடைய ஆட்கள் கொட்டகைக்குப் பின்னால் கற்குவியல்களுக்கு அடியில் கிடக்கிறார்கள். எங்கள் பக்கம் மேய்ப்பன் சமாதியில் பெயர் எழுதுவதில்லை. போகிறவன் வருகிறவன் ஆளுக்கொரு கல் வைப்பான், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் கார் நிறுத்த வேண்டும் என்றார் முதலாளி.

"அங்க எங்கம்மா இருக்கா" என்றாள் மீட்டா.

"பேரே இல்லையே, வெறும் கல்லுதானே" என்று சொல்லிவிட்டார்.

நேற்று மண் தள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. மீட்டா கதவில் சாயவில்லை. கதை கேட்க வந்த விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு நேரே கற்குவியல்களுக்கு நடந்தாள். முதலாளி பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்.

"வண்டிய நிறுத்து ராசா, நான் பேசுறது இவங்களுக்குக் கேக்கல" என்றாள் மீட்டா.

லுங்கிலே என்ற பெயருடைய அந்த ஓட்டுநர் முதலாளியைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். "சரிம்மா" என்று இயந்திரத்தை அணைத்துவிட்டான்.

அம்மாவுக்குப் பக்கத்தில் மீட்டா தரையில் உட்கார்ந்தாள். விருந்தாளிகளும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முதலாளி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். மீட்டா தன் பக்கத்து மண்ணிலிருந்த முள்ளை விரலால் பொறுக்கி எறிந்து, உள்ளங்கையால் தடவிச் சமன்செய்து, அவருக்கும் ஓர் இடம் பண்ணிக் கொடுத்தாள்.