ஊரே இருமிய வருஷம்

மீன்பிடி ஊரான ஹௌகேசுண்டின் துறைமுகத் தெருவில் இருந்த மருந்துக்கடையில் போர்கில்ட் ட்வைத்தன் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாள். நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைக்குப் பின்னால் இரண்டாம் தெருவில் தங்கை சிஸெலோடு குடியிருந்தாள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். குப்பிகளில் ஒட்டும் சீட்டுகளையெல்லாம் அவள்தான் எழுதுவாள்.

நாட்டில் சாராய வகைகளுக்குத் தடை வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. தடை வேண்டுமா என்று நடந்த முதல் ஓட்டெடுப்பில் போர்கில்டும் தடைக்காக ஓட்டுப் போட்டவள். மதுவிலக்குச் சங்கத்தில் அவள் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை சட்டையில் சங்கத்தின் வெள்ளிப் பதக்கத்தைக் குத்திக்கொண்டுதான் வெளியே போவாள். ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் பிராந்தி வாங்கலாம். மருத்துவர் மாதத்துக்கு இத்தனை சீட்டுதான் எழுதலாம் என்று அரசாங்கத்தில் கணக்கு வைத்துப் பார்த்தார்கள், அபராதம் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே ஊருக்கு நெஞ்சு பலவீனம் வந்துவிடும்.

1926 ஜனவரியில் ஹெர்ரிங் மீன் பாடு இறங்கி ஊரில் காசு புழங்கியதும் வரிசை கடை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. கல்லாப் பக்கம் வந்து நிற்கும்வரை கம்பீரமாக அரட்டை அடிப்பவர்கள், போர்கில்டின் முகத்தைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார்கள். ஒரு விவசாயி கால்நடை வைத்தியரின் சீட்டோடு வந்தான்.

“குதிரைக்கும்மா. வயித்து வலி, பாவம் துடிக்குது.”

“உங்க குதிரையத்தான் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வித்துட்டீங்களே?”

“அந்த ஏக்கத்துலதான் அதுக்கு வயித்து வலி.”

வரிசை முழுக்கச் சிரித்தது. போர்கில்ட் சிரிக்கவில்லை. ‘குதிரைக்கு, உள்ளுக்குக் கொடுக்க’ என்று எழுதி ஒட்டிக் குப்பியை நகர்த்தினாள். அவன் கதவைத் தாண்டும் முன்பே மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

மே மாதம் தங்கள் நாட்டவரின் ஆகாயக் கப்பல் வடதுருவத்தின் மேல் பறந்தது என்று செய்தி வந்தபோது ஊரெங்கும் கொடி ஏறியது. அன்றைக்குக் காலையில் மட்டும் நாற்பத்தொரு பேருக்கு நெஞ்சு வலி. பள்ளித் தலைமையாசிரியர், சுங்கத்துறை அதிகாரி, ஜெபக்கூடத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர், எல்லோரும் வந்தார்கள். இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்களின் தொண்டையைக் கண்டாலே குமட்டியது.

“நீ ஏன்க்கா இதயெல்லாம் மனசுல போட்டுக்கற?” என்பாள் சிஸெல், உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே. “குடிக்கறவன் எப்படியும் குடிப்பான். ஜெர்மன் கப்பல்லருந்து தகர டின்னுல இறங்கற சரக்கு நம்ம ஊர்ல எந்தப் படகுக் கொட்டாயில இல்ல?”

“டின்னுல வாங்கறவன் திருட்டுன்னு தெரிஞ்சு வாங்கறான்டி. இவனுங்க என்கிட்ட வந்து நோயாளி மாதிரி முகத்த வச்சுக்கறானுங்க. நானும் நர்ஸ் மாதிரி முகத்த வச்சுக்கறேன். சீ!”

ஜூன் மாதத்தில்தான் அது நடந்தது. மீன் வியாபாரி செவெரின் ஓரஸ்டாட்டின் மனைவி அமாலியே கடைக்கு வந்தாள். ஓரஸ்டாட் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். அமாலியே கையுறையைக் கழற்றாமலேயே சீட்டை நீட்டினாள். ‘மாலேனே ஓரஸ்டாட், நெஞ்சு பலவீனம், பிராந்தி, அரைக் குப்பி’ என்று அதில் இருந்தது.

மாலேனே ஓரஸ்டாட் தலைவரின் தாயார். மார்ச் மாதம் இறந்துபோனவர்.

“அம்மா, இது பழைய சீட்டுங்களா?” என்று கேட்டாள் போர்கில்ட்.

“தேதியப் பாரு. நேத்து எழுதினது.”

“அவங்கள மார்ச்ல அடக்கம் பண்ணோமே. சங்கத்துச் சார்பா மலர்வளையத்தத் தூக்கிட்டு வந்ததே நான்தான்.”

அமாலியேயின் கன்னத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. “டாக்டர் எழுதியிருக்காரு. உங்க முதலாளி கடை நடத்தறாரு. நீ குப்பிய எடுத்துக் குடு. இதுல உனக்கென்ன கேள்வி?”

போர்கில்ட் சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடை முதலாளி ஃபாஸ்மெர் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர், யாரையும் அதட்டமாட்டார். சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போர்கில்ட், நாம பாக்கறது சீட்டத்தான். ஆளப் பாக்கறதில்ல.”

“ஆளே இல்லையேங்க.”

“சீட்டு இருக்குல்ல?”

அவள் எழுதினாள். ‘மாலேனே ஓரஸ்டாட். நாளுக்கு மூன்று வேளை, ஒரு மேசைக்கரண்டி.’ தன்னுடைய மணிமணியான கையெழுத்தில், ஒரு எழுத்துகூடக் கோணாமல். அமாலியே போன பிறகு பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் விரல்களைக் கழுவினாள்.

ஜூலையிலும் சீட்டு வந்தது, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் எழுதி ஒட்டினாள். வேலையை விட்டுவிட்டால் போக்கிடம் இல்லை. அந்த வருஷம் துறைமுகத்தில் பாதிப் பேர் வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், எழுதிய ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

தடையை எடுப்பதா வேண்டாமா என்று அக்டோபர் பதினெட்டாம் தேதி நாடு முழுக்க மறு ஓட்டெடுப்பு. அதற்கு ஒரு வாரம் முந்தைய ஞாயிறு ஜெபக்கூடத்தில் சங்கக் கூட்டம். இருநூறு பேர் இருக்கும். ஈரக் கம்பளி வாடையும் வாஃபிள் அப்பம் சுடும் வாடையும் கலந்து அடித்தது. போர்கில்டுக்குக் காபி ஊற்றும் வேலை கொடுத்திருந்தார்கள்.

ஓரஸ்டாட் பேச எழுந்தார். குரல் வளம் உள்ளவர். தாய்மார்களின் கண்ணீரைப் பற்றிப் பேசினார், பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசினார். பிறகு கைக்குட்டையை எடுத்தார்.

“மார்ச் மாசம் எங்கம்மா கண்ண மூடறப்ப என் கையப் பிடிச்சாங்க. ‘செவெரின், இந்த வீட்டு வாசப்படிக்குள்ள ஒரு சொட்டுகூட வரக்கூடாதுடா’ன்னாங்க. அதுதான் அவங்க கடைசி வார்த்தை.”

முன்வரிசையில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அமாலியேயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் போர்கில்ட் காபிப் பாத்திரத்தைப் பக்கத்து மேசைமேல் வைத்தாள்.

“ஐயா,” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “உங்கம்மா செத்ததுக்கப்புறம் நாலு குப்பி வாங்கியிருக்காங்க. நாலுலயும் பேரெழுதி ஒட்டினது நான்தான்.”

ஓரஸ்டாட்டின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. இப்போது யாராவது அவரைப் பார்த்துக் கேட்பார்கள் என்று போர்கில்ட் காத்திருந்தாள். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் திருப்பிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஆர்மோனியக்காரர். தலைமையாசிரியரின் மனைவி. படகுக்காரர்கள் மூன்று பேர். பாதிப் பேரின் பெயரை அவள் குப்பியில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அடுத்து தன் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் அந்தக் குனிந்த தலைகளில் இருந்தது.

சங்கச் செயலாளர் எழுந்தார். “சகோதரி, மருந்துக்கடை ரகசியத்த இப்படிப் பொது இடத்துல போட்டு உடைக்கலாமா? நோயாளியோட மானம் என்ன ஆறது?”

“எந்த நோயாளிங்க?”

“மொதல்ல வெளிய போங்க. எதுவானாலும் அப்புறம் பேசிக்கலாம்.”

பின்வரிசையில் யாரோ, “காபி ஆறுதுப்பா,” என்றார்கள்.

போர்கில்ட் பதக்கத்தைக் கழற்றிச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவள் கதவைச் சாத்தும்போதே உள்ளே பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஃபாஸ்மெர் அவளைக் கூப்பிட்டார். சம்பளக் கணக்கைத் தீர்த்துக் கொடுத்து, மேலங்கியை அவரே எடுத்துப் பிடித்து மாட்டிவிட்டார். “எனக்கு வேற வழியில்ல போர்கில்ட். நாளைக்கு யாரு நம்பி இந்தக் கடைக்குள்ள வருவாங்க, சொல்லு?” அந்த மென்மையான குரலைக் கேட்டபோது, அமாலியேயின் திமிரே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

ஓட்டுப் போடும் நாளில் அக்காவும் தங்கையும் மழையில் சேர்ந்தே போனார்கள். திரும்பும் வழியில் சிஸெல் கேட்டாள்.

“எதுக்குப் போட்ட?”

“தடைய எடுக்கச் சொல்லித்தான்.”

சிஸெல் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். “நீயா! நீயாக்கா?”

“குடிக்கறவன் குடிக்கட்டும். நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எவ முன்னாடியும் வந்து இரும வேண்டாம்.”

“அப்ப ஒனக்கு இப்ப நிம்மதிதான்?”

“எங்கடி நிம்மதி? ஓட்டுச்சாவடி வாசல்ல ‘வாங்க வாங்க’ன்னு ஒருத்தன் பல்லக் காட்டினானே, பாத்தியா? வாயெல்லாம் டின் சரக்கு நாத்தம். அவனும் நானும் ஒரே பக்கம்னு நெனச்சா ஒடம்பு கூசுது.”

நாடு தடையை எடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஹௌகேசுண்ட் இருக்கும் மேற்குக் கரை மட்டும் தடை வேண்டும் என்றே பெருவாரியாக ஓட்டுப் போட்டது. அந்தப் பெருமையில் நவம்பர் மாதம் சங்கம் ஓரஸ்டாட்டை மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அதே கூட்டத்தில் போர்கில்டின் பெயரை அடித்தார்கள்.

டிசம்பரில் சங்கத்துப் பெண்கள் வேலையில்லாதவர்களுக்கு கிறிஸ்துமஸ் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். போர்கில்டின் வாசலிலும் ஒன்றை வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போனார்கள். பிரித்துப் பார்த்தாள். ஆட்டுக்கறி, காபிக்கொட்டை, மேலே வாழ்த்துச் சீட்டு. அதில் அமாலியே ஓரஸ்டாட்டின் கையெழுத்து. சிஸெல் ஆட்டுக்கறியை ஆசையோடு பார்த்தாள். போர்கில்ட் பொட்டலத்தை முன்புபோலவே கட்டினாள், மழை அங்கியை மாட்டினாள், ஓரஸ்டாட்டின் வீட்டுப் படியில் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னலில் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை.

ஜனவரியில் ஹெர்ரிங் வந்ததும் கிழிந்த வலைகளைத் தைக்க ஆள் தேவைப்பட்டது. வலைக்கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வலையில் பூசிய தாரில் விரல் நுனிகள் கறுத்து வெடித்தன. பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்களில் ஒருத்தி ரொட்டியைப் பாதியாகப் பிட்டு நீட்டி, “அன்னிக்குக் கூட்டத்துல அந்தத் தலைவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு? கொஞ்சம் சொல்லேன்,” என்றாள்.

போர்கில்ட் ரொட்டியை வாங்கிக்கொண்டாள். “சாப்பிடறப்ப வேண்டாம்,” என்றாள்.