அவள் சொல்லாத சரி

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக்கம்மா. வேனில் மட்டுமல்ல, வீட்டிலும் அவள் விட்டால்தான் எதுவும் நகரும். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுவாள். குழப்பம் என்பது மற்றவர்களுக்கு வருகிற சீக்கு என்றே அதுநாள்வரை நினைத்திருந்தாள்.

அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்காக மகள் ஒரு பழைய ஓட்டலில் சனி, ஞாயிறு தங்க ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதரின் மாளிகை, பிறகு ஆஸ்பத்திரி, இப்போது ஓட்டல். பேய் நடமாடுகிறது என்ற பேச்சுதான் அதற்கு விளம்பரமே.

"பேய்க்குத் துணையிருக்க நாம என்ன மந்திரவாதியா?" என்றாள்.

"போய்ட்டுதான் வருவோமே" என்றார் கணவர். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண், "மாடியில ஒரு அம்மா நடமாடுவாங்க, யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றாள். பெட்டியைத் தூக்கி வந்தவர், "அம்மாவா? அது ஒரு பெரியவருங்க" என்றார். தோட்டக்காரரோ, "எல்லாம் எலிங்க" என்று முடித்துவிட்டார்.

"மொதல்ல நீங்க மூணு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கப்பா" என்று சிரித்தாள் பிரேக்கம்மா.

அறையில் நடந்தால் முனகும் மரத்தரை; பெயின்ட் அடித்து அடித்தே திறக்க முடியாமல் ஒட்டிப்போன ஜன்னல்; அதன் கீழே எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். கணவர் முதல் வேலையாக மூலையிலிருந்த சின்ன ஃபிரிட்ஜின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டிலில் சாய, அவள் தோட்டத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கலாம். திரும்பி மாடியேறியபோது அறைக்குள் அவர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. நடுநடுவே தணிந்த பெண் குரல் ஒன்று. ஓட்டல் ஆள் யாரோ வந்திருக்கிறார்கள், மனுஷன் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று, சிரிக்கட்டும் என்று டீ சொல்லக் கீழே போனாள்.

மூன்று டீயோடு திரும்பினாள். உள்ளே அவர் மட்டும் இருந்தார். கையில் போன், கண்ணில் ஈரம்.

"வந்தவங்க போயிட்டாங்களா?"

"யாரு வந்தா?"

"அப்ப யாருகிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"உன்கிட்டதான்."

"நான் தோட்டத்துலதானே இருந்தேன்!"

"விளையாடாத. இப்பதானே எந்திரிச்சுப் போன. நீ சொன்ன மாதிரியே தம்பிக்கு போன் பண்ணி, நம்ம வீட்டுக்கே வந்துடுன்னு சொல்லிட்டேன். அழுதுட்டான் பாவம்."

டீத்தட்டை மேசையில் வைத்தாள். கொழுந்தனோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காயிற்று. மகள் கல்யாணத்தில், "எங்க அண்ணி வீட்டைவிட ஸ்டியரிங்கைத்தான் நல்லா பாத்துக்கும்" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தவன். இப்போது இடுப்பெலும்பு முறிந்து, தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"நான் என்ன சொன்னேன்? அப்படியே சொல்லுங்க."

"'சொன்னதுக்கு அவரே வெட்கப்பட்டுட்டாரு, நாம எதுக்கு இன்னும் தூக்கிச் சுமக்கணும்'னு சொன்ன."

போன வாரம் சிக்னலில் நிற்கும்போது இதே வார்த்தைகள் மனசுக்குள் ஓடின. ஈ, எறும்புக்குக்கூடச் சொன்னதில்லை.

இவர் நடிக்கிறாரா? சின்னப் பொய் சொன்னாலே காது சிவந்துவிடுகிற ஆள். இல்லை, தானே தூக்கக் கலக்கத்தில் வந்து பேசிவிட்டுப் போனாளா? அதுவுமில்லையென்றால்... கீழே போய் விசாரித்தாள். மாடிக்கு யாரும் போகவில்லை என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "நீங்க மட்டும் போனீங்க."

"எத்தனை தடவை போனேன்?"

"நான் கவனிக்கலையே, மேடம்."

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம், எதிர் நாற்காலியைப் பார்த்து, "அடுத்தவ குடும்பத்துல முடிவெடுக்க நீ யாருடி?" என்று கேட்டேவிட்டாள். சண்டை போடுவதா, நன்றி சொல்வதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

'அது நான் இல்லை' என்று அவரிடம் அடித்துச் சொல்ல வாயெடுத்தாள். கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப வராராம்?" என்றுதான் வாயில் வந்தது.

அவர்கள் வீடு திரும்பிய சில வாரங்களில் கொழுந்தன் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தான். "அண்ணி, நீங்க சொன்னதா அண்ணன் சொன்னப்போ..." என்று தழுதழுத்தான். "மொதல்ல சாப்பிடுங்க" என்று தட்டை நகர்த்தினாள். யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய மாதிரி கூசியது.

அவன் இப்போது முன்னறையில்தான் இருக்கிறான். வேன் சத்தம் கேட்டதும் தட்டுத் தடுமாறி வந்து கேட்டைத் திறந்துவிடுகிறான். கணவர்தான் எப்போதாவது கேட்கிறார்: "அன்னிக்கு மாதிரி கொஞ்சம் பேசேன்."

"எப்படிப் பேசினேன்?"

"மெதுவா."

அவளும் குரலைத் தணித்து எதையாவது சொல்லிப் பார்க்கிறாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பரவால்ல" என்கிறார்.