வரும்போது ஒரு மணி குறையும்

போன வியாழன் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஜமால் பாய் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. நெல்லித்தோப்பில் விமான டிக்கெட் கடை வைத்திருந்தவர். இந்தப் பகுதியிலிருந்து பாரீசுக்குப் போன பலரும் அவர் கடையில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

நான் லாரி ஓட்டியவன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டேன். அந்தக் குறை இன்றும் உண்டு. வாசித்தது எல்லாம் என் முயற்சி. அதனால், என் மகனைப் பார்க்கப் பாரீசுக்கு நான் முதலில் கிளம்பியபோது, டிக்கெட்டின் பின்னால் அவர் எழுதித் தந்ததைச் சும்மா விடவில்லை. போகப் பதினோரு மணி நேரம், வரப் பத்து என்று இருந்தது.

"ஒரே தூரம். எப்படிய்யா ஒரு மணி குறையும்? தப்பா எழுதிட்டீங்க."

"காத்து தள்ளிவுடும் டிரைவரே. ஏற்காடு ஏறுறதும் எறங்குறதும் ஒரே நேரமா?"

"அங்க மலை இருக்கு. வானத்துல ஏது மலை?"

"போயிட்டு வந்து சொல்லுங்க."

வந்ததும் கேட்டார். தூங்கிவிட்டேன், கவனிக்கவில்லை என்றேன். பொய். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சரியாகப் பத்து மணி நேரம்.

அதன்பின் இருபது வருடம் அவர் கடையில் டீ குடித்தேன்; இதை மட்டும் சொல்லவில்லை. தனியாகப் போகும் வயதான பெண்களுக்கு எப்போது சாப்பிடுவது, எப்போது மாத்திரை போடுவது என்று தமிழில் எழுதிக் கொடுப்பார். "வயித்துக்கு எந்த நாட்டு மணியும் தெரியாதும்மா" என்பார். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை.

வெள்ளி காலை அவர் வீட்டில் பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரே மகள் சபீனா பாரீசில் இருந்தது; நம் நேரப்படி அதிகாலை ஒன்றரைக்கு விமானம் ஏறியிருந்தது.

"பதினோரு மணி நேரம். எறங்கி, சோதனை முடிஞ்சி, ரோட்டுல வர இன்னும் நாலு மணி. நாலரை ஆயிடும்" என்றார் பாயின் தம்பி. "அஸர் தொழுகை நாலு மணிக்கு. அதுக்குமேல மய்யித்த வச்சிருக்க முடியாது. புள்ள எப்படியும் வந்து சேராது. மத்தியானம் ஜும்மா தொழுகை முடிஞ்சதும் எடுத்துடலாம்."

என்னால் உட்கார முடியவில்லை. "பதினொண்ணு போறதுக்கு. வர்றதுக்குப் பத்துதான். மூணரைக்கு வாசல்ல நிக்கும். அஸருக்கு வைங்க" என்றேன்.

"நீங்கதான காத்தே இல்லன்னு அண்ணன்கிட்ட சண்ட போடுவீங்க?"

"நான் வந்து பாத்தேன். பத்து மணிதான். அவர்கிட்ட சொல்லல."

 தம்பி பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி, அடக்கத்தை அஸருக்கு மாற்றச் சொன்னார்.

ஜும்மா முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். நான் தெருமுனையிலேயே நின்றேன். மூன்று இருபதுக்கு வண்டி வந்தது. சபீனா இறங்கி உள்ளே ஓடியது. அத்தாவின் முகத்தைப் பார்த்தது; நெற்றியில் கை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. வெளியே வந்து, "சித்தப்பா சொன்னாங்க, மாமா" என்றது. 

அடக்கத்தில் எனக்கும் மூன்று பிடி மண் போட இடம் விட்டார்கள். மூன்றாவது பிடியைப் போடும்போது சொன்னேன்:

"ஜமால் பாய், பத்து மணி நேரங்கூட ஆகல. இன்னிக்கு காத்து இருந்துருக்கு. தினமும் இருக்கும்னு நான் ஒத்துக்கல. நல்லபடியா போய்ச் சேருங்க."